இயற்பியல் ஆய்வுக் கேள்விகளுக்கு எங்கே தயாராவது: டியூஷனா, லேபா, வீடா?

அரையாண்டு விடைத்தாள்கள் வீட்டுக்கு வந்த கையோடு பெற்றோரின் தொலைபேசி அழைப்புகள் தொடங்கிவிடும். மகளுக்குக் கணக்குகளில் மதிப்பெண் வருகிறது, விதிகளைச் சொல் பிசகாமல் எழுதுகிறாள். ‘ஒரு மாணவர் இதை ஆராய விரும்புகிறார், அவர் எப்படிச் செய்ய வேண்டும்?’ என்று கேட்டால் மட்டும் நாலு வரியோடு நின்றுவிடுகிறாள். இதற்கென்று தனி டியூஷன் வைக்கலாமா? பள்ளி லேபில் கூடுதல் நேரம் கேட்கலாமா? கணினியிலேயே செய்முறை செய்து பார்க்கும் தளங்கள் இருக்கின்றனவாமே, அவை போதாதா? சேலத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து வருபவன் என்ற முறையில் இந்த வழிகளை எடைபோட்டு என் கருத்தைச் சொல்கிறேன்.

எடைபோட ஓர் அளவுகோல் வேண்டும். கட்டணம், நேரம், தூரம் எல்லாம் பிறகு. முதலில் கேட்க வேண்டியது, அந்த வழியில் முடிவெடுப்பது யார் என்பதுதான். எத்தனை அளவீடுகள் எடுப்பது, எந்த இடைவெளியில் எடுப்பது, எதை மாறாமல் வைத்துக்கொள்வது, கிடைத்த எண் சந்தேகமாக இருந்தால் என்ன செய்வது: ஆய்வுக் கேள்வி சோதிப்பது இவற்றைத்தான். இந்த முடிவுகளை எல்லாம் ஆசிரியரோ கைடோ மென்பொருளோ எடுத்துவிட்டால், மாணவிக்கு மிஞ்சுவது கையெழுத்துப் பயிற்சி.

எந்தத் தேர்வு என்பதைப் பொறுத்து விடை மாறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ இயற்பியலுக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. செய்முறைப் பட்டியல் முன்கூட்டியே அச்சிட்டுக் கொடுத்தது. மீட்டர் சமனச்சுற்று, மின்னழுத்தமானி, டேன்ஜன்ட் கால்வனாமீட்டர், நிறமாலைமானி, டையோடு என்று அது போகும். அவற்றில் எது கைக்கு வரும் என்பது மட்டுமே அன்றைய தினம் தெரியவரும். சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பில் செய்முறைக்கு 30. இரண்டு சோதனைகளுக்கு ஏழேழு, ரெக்கார்டுக்கு 5, ஒரு செயல்பாட்டுக்கு 3, ஆய்வுத் திட்டத்துக்கு 3, வாய்மொழிக்கு 5. ஐ.எஸ்.சி.யில் செய்முறைத் தேர்வுக்கு 15, திட்டப்பணிக்கு 10, பதிவேட்டுக்கு 5. கேம்பிரிட்ஜின் ஐ.ஜி.சி.எஸ்.இ. கதையே வேறு. அங்கே மொத்த மதிப்பெண்ணில் ஐந்தில் ஒரு பங்கு செய்முறைத் திறனுக்கு. கருவிகளோடு ஒன்றேகால் மணி நேரம் எழுதும் தாள் ஒன்று, கருவியே இல்லாமல் ஒரு மணி நேரத்தில் எழுதும் மாற்றுத் தாள் இன்னொன்று. இரண்டுக்கும் 40 மதிப்பெண். எதை எழுதுவது என்று பள்ளி தீர்மானிக்கும். இரண்டிலுமே ‘இதை ஆராய ஒரு திட்டம் தருக’ என்ற கேள்வி இருக்கும். நான் மேலே சொன்ன நாலு வரித் தடுமாற்றத்தால் மதிப்பெண் மிகவும் அடிவாங்குவது அங்கேதான்.

முதலில் டியூஷன். ‘பிராக்டிகல் பேட்ச்’ என்று ஜனவரியில் தொடங்கும் வகுப்புகளைப் பற்றிப் பேசுகிறேன். அங்கே நடப்பது இது: நோக்கம், தேவையான கருவிகள், வாய்ப்பாடு, அட்டவணை, மாதிரி அளவீடுகள், முடிவு என்று அச்சடித்த தாள் கொடுப்பார்கள். மாணவர்கள் அதை மனப்பாடம் செய்வார்கள். பட்டியல் மாறாத தேர்வுக்கு இது பலன் தரும், மறுக்கவில்லை. வாய்ப்பாடும் அட்டவணையின் தலைப்பும் மனத்தில் இருந்தால் பதற்றம் பாதி குறைந்துவிடும். ஆனால் மாதிரி அளவீடுகளை மனப்பாடம் செய்வது என்ற வழக்கம் எனக்குச் சற்றும் பிடிக்காத ஒன்று. தனி ஊசல் செய்த ஒரு வகுப்பு முழுக்க புவியீர்ப்பு முடுக்கம் 9.81 என்று எழுதுகிறது. சேலத்தின் அட்சரேகையில் அந்த மதிப்பு 9.78க்கு அருகில்தான் இருக்க வேண்டும். சாதாரண நூலும் ஸ்டாப் வாட்சும் வைத்து அந்த மூன்றாவது இலக்கத்தை யாராலும் உறுதியாகப் பிடிக்க முடியாது. எல்லோருக்கும் ஒரே விடை வந்தது என்றால் ஊசல் யாருக்கும் ஆடவில்லை என்று பொருள். திட்டமிடும் கேள்விக்கு இந்த வகுப்புகளால் பயன் இல்லை. புதிய சூழலைக் கொடுத்ததும், மனப்பாடம் செய்த செய்முறைகளில் எது இதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பிள்ளைகள் தேடத் தொடங்குகிறார்கள். கேட்டது ஒன்று, எழுதுவது இன்னொன்று ஆகிவிடுகிறது.

அடுத்தது பள்ளி லேப். கருவிகளைப் பொறுத்தவரை இதற்கு மாற்றே கிடையாது. நிறமாலைமானியை வீட்டில் செய்ய முடியாது. மின்னழுத்தமானியின் கம்பியில் தொடுசாவியை இழுக்காமல் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும் என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம், கை பழகாது. குறை, கூட்டத்தில் இருக்கிறது. ஒரு கருவியைச் சுற்றி நாலைந்து பேர் நிற்கும்போது ஒருவன் தொலைநோக்கியைத் திருகுவான், ஒருத்தி வெர்னியரைப் படிப்பாள், மற்றவர்கள் எழுதிக்கொள்வார்கள். ஆண்டு முழுவதும் இந்த வேலைப் பங்கீடு மாறவே மாறாது என்பதுதான் வேடிக்கை. கூடுதல் லேப் நேரம் கேட்பதற்கு முன்பு, இருக்கும் நேரத்தில் இதை மாற்றச் சொல்லுங்கள். எழுதியே பழகிய பிள்ளை ஒருமுறை திருக வேண்டும், திருகியே பழகியவன் ஒருமுறை கணக்கிட்டு வரைபடம் போட வேண்டும். ஆசிரியரைவிட லேப் உதவியாளரிடம் நயமாகக் கேட்டால் மாலையில் அரை மணி நேரம் கிடைக்கும் பள்ளிகள் இன்னும் இருக்கின்றன. அந்த அரை மணியில் முழுச் சோதனையை அவசரமாக முடிப்பதைவிட, ஒரே ஒரு சரிசெய்தலைத் தனியாகச் செய்து பழகுவது மேல்.

முடிவெடுப்பது யார் என்று கேட்டால், லேபிலும் பாதி முடிவுகள் ஏற்கெனவே எடுக்கப்பட்டவைதான். கம்பியின் நீளம், மின்கலம், எத்தனை அளவீடு என்று எல்லாம் ரெக்கார்டு நோட்டில் இருக்கும். ஆகவே லேப் கைத்திறனைத் தரும், திட்டமிடும் திறனைத் தானாகத் தராது.

அதைத் தருவது வீடு. இந்த வழியைப் பெற்றோர் நம்புவதில்லை. ‘பத்தாம் வகுப்பு அறிவியல் கண்காட்சி மாதிரி இருக்கிறதே’ என்பார்கள். அதனால் ஒரே ஒரு சோதனையை முழுவதுமாக விரித்துச் சொல்கிறேன். சேலத்துக்காரர்களுக்கு ஜவ்வரிசி எங்கே கிடைக்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஆத்தூர்ச் சாலையில் போனாலே சேகோ ஆலைகளின் வாடை வரும். ஓர் உயரமான கண்ணாடிக் குவளையில் விளக்கெண்ணெயை ஊற்றி, அதில் ஒரு ஜவ்வரிசியை மெதுவாக விடுங்கள். விநாடிக்குச் சில மில்லிமீட்டர் என்ற நிதானத்தில் அது இறங்கும். கண்ணால் பின்தொடரலாம், கைப்பேசியின் கடிகாரத்தால் அளக்கலாம். பதினோராம் வகுப்பின் ஸ்டோக்ஸ் முறையும் (திரவத்தில் விழும் குண்டின் வேகத்தை அளந்து, திரவம் எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்ற பாகுநிலையைக் காண்பது) இதுவேதான். அங்கே எஃகுக் குண்டு, இங்கே ஜவ்வரிசி, அவ்வளவுதான் வித்தியாசம். கேள்வி: குறுக்களவு கூடினால் இறங்கும் வேகம் எப்படிக் கூடும்?

இப்போது முடிவுகள் வரிசையாக வந்து நிற்கும். பெரிய ஜவ்வரிசி வேண்டும், சிறியதும் வேண்டும். சிறியதற்கு நைலான் ஜவ்வரிசியையும் பெரியதற்கு மாவு ஜவ்வரிசியையும் எடுத்துவிட்டால்? இரண்டின் தயாரிப்பும் வேறு, அடர்த்தியும் வேறாக இருக்கலாம். அளவை மட்டும் மாற்றுவதாக நினைத்துக்கொண்டு இரண்டு மாறிகளை ஒன்றாக மாற்றிவிட்டோம். ஒரே வகைப் பொட்டலத்திலிருந்து பொறுக்க வேண்டும் என்பது தானாகப் புரியும். ஜவ்வரிசி சரியான உருண்டையும் அல்ல. திருகு அளவியால் மூன்று பக்கம் அளந்தால் மூன்று எண் வரும், சராசரி எடுக்க வேண்டும், அழுத்திவிட்டால் நொறுங்கும். எண்ணெயில் விட்டதும் நேரத்தை எண்ணத் தொடங்கலாமா, கொஞ்சம் கீழே போனபின் தொடங்கலாமா? முற்றுத் திசைவேகம் (மேலும் கூடாமல் ஒரே அளவில் நிலைத்துவிட்ட வேகம்) என்ற சொல்லைத் தேர்வில் எழுதிய பிள்ளைக்கு, நேரத்தை எண்ணத் தொடங்கும் கோட்டை ஏன் மேற்பரப்புக்குக் கொஞ்சம் கீழே போடுகிறோம் என்பது இங்கேதான் தெரியவருகிறது. குவளை ஒடுங்கியதாக இருந்தால் சுவரின் பாதிப்பால் வேகம் குறையும். குண்டு ஓரமாகப் போனதையும் நடுவில் போனதையும் ஒரே அட்டவணையில் போட்டால் வரைபடம் பல்லிளிக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சங்கதி வெப்பநிலை. விளக்கெண்ணெயின் பாகுநிலை 20 டிகிரி செல்சியஸிலிருந்து 30 டிகிரிக்குப் போனால் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். மார்கழிக் காலையில் பாதி அளவீடும், வெயில் ஏறியபின் மீதியும் எடுத்த மாணவிக்கு இரண்டு வெவ்வேறு எண்ணெயில் செய்தது போன்ற விடை வரும். ‘வெப்பநிலையை மாறாமல் வைத்திருக்க வேண்டும்’ என்று விடைத்தாளில் எல்லோரும் எழுதுவார்கள். ஏன் என்று கேட்டால் பேச்சு வராது. ஒருமுறை இப்படிக் கெட்டுப்போன அட்டவணையைப் பார்த்தவளுக்கு அந்தக் காரணம் ஒரு வரியில் வந்துவிடும், மதிப்பெண்ணும் அந்த ஒரு வரிக்குத்தான். கடைசியில், வேகத்தைக் குறுக்களவோடு வரைந்தால் வளைகோடு, குறுக்களவின் இருமடியோடு வரைந்தால் நேர்க்கோடு. எதை எதனோடு வரைவது என்ற முடிவையும் அவளே எடுத்தாகிவிட்டது.

செலவு என்று பார்த்தால் எண்ணெய், ஜவ்வரிசி, ஓர் அளவுகோல். திருகு அளவியைப் பள்ளியில் ஒருநாள் கேட்டு வாங்கலாம், இல்லையென்றால் பத்து ஜவ்வரிசியை வரிசையாக அடுக்கி நீளத்தை அளந்து பத்தால் வகுக்கலாம். இந்த வகுத்தல் உத்தியே தேர்வில் அடிக்கடி கேட்கப்படும் ஒன்று. இதே போலப் பென்சிலால் காகிதத்தில் தடித்த கோடு போட்டு, நீளத்தோடு மின்தடை எப்படி மாறுகிறது என்று மல்டிமீட்டரால் பார்க்கலாம். வெந்நீர் ஆறுவதை மூடிய டம்ளரிலும் திறந்த டம்ளரிலும் ஒப்பிடலாம். வீட்டு மின்சாரத்தில் கைவைக்கும் எதுவும் வேண்டாம். பாதரச வெப்பமானியும் வேண்டாம், ஆல்கஹால் நிரப்பியது போதும்.

வீட்டு வழியின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். திருத்துவதற்கு ஆள் இல்லை. தவறான அட்டவணையைப் பார்த்துப் பிள்ளை தானே திருப்திப்பட்டுக்கொள்ளும். வாரம் ஒருமுறை யாராவது ஒருவர், அது டியூஷன் ஆசிரியராகவே இருக்கட்டும், அந்தத் தாளைப் பார்த்து ‘இந்த எண்ணை ஏன் நம்பினாய்?’ என்று கேட்க வேண்டும். டியூஷனுக்குக் கொடுக்கும் பணத்துக்கு நான் எதிர்பார்க்கும் வேலை அதுதான்.

கணினி வழியைப் பற்றிப் பலருக்கு மிகை நம்பிக்கை. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) திரைச் சோதனைகளில் சில தமிழிலும் இருக்கின்றன, இலவசம். அமிர்தா பல்கலைக்கழகமும் சி-டாக் நிறுவனமும் சேர்ந்து செய்த ஓலேப்ஸ் நம் பாடத்திட்டத்துக்கு நெருக்கமானது. மின்சுற்றை இணைத்துப் பார்க்க, லேபுக்குப் போகும் முந்தைய இரவு மின்னழுத்தமானி எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள, இவை அருமையானவை. தவறாக இணைத்தாலும் எதுவும் எரியாது. ஆனால் திரையில் ஆடும் ஊசலுக்குக் காற்று வீசுவதில்லை, நூல் நீள்வதில்லை, கை தாமதமாக அழுத்துவதும் அளவீட்டைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. அளவீடுகள் நேர்க்கோட்டில் வந்து அமர்ந்துவிடுகின்றன. சிதறிய புள்ளிகளுக்கு நடுவே சிறந்த பொருத்தக் கோட்டை எங்கே போடுவது என்ற தடுமாற்றம் இல்லாத இடத்தில் ஆய்வுக் கேள்விக்கான பயிற்சியும் இல்லை.

கைப்பேசியின் உணரிகளைப் பயன்படுத்தும் ஃபைஃபாக்ஸ் செயலி இதில் சேராது. ஜெர்மனியின் ஆக்கன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கியது அது. அங்கே அளப்பது நிஜ உலகத்தை. காற்றழுத்த உணரி உள்ள கைப்பேசி (விலை குறைந்தவற்றில் பெரும்பாலும் இருக்காது) உறவினர் யாரிடமாவது இருந்தால், ஏற்காடு பஸ்ஸில் அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி முடியும்வரை அழுத்தத்தைப் பதிவு செய்யலாம். சேலம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். அந்த வரைபடத்தை வைத்து ஒரு திட்டப்பணியே எழுதலாம்.

ஏற்காடு வந்ததால் ஒரு சிறு கிளைக்கதை. மலையேறினால் எது மாறும், எதை அளக்க முடியும் என்ற கேள்வி பிழைகளைப் புரியவைக்க நான் அடிக்கடி எடுப்பது. அந்த உயரத்தில் புவியீர்ப்பு முடுக்கம் குறைவது உண்மை, பத்தாயிரத்தில் ஏறக்குறைய நான்கு பங்கு. ஒரு மீட்டர் ஊசலின் இருபது அலைவுகளுக்கு நாற்பது விநாடி ஆகும் என்றால், மேலே போனபின் அதில் கூடுவது விநாடியில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. நம் விரல் ஸ்டாப் வாட்சை அழுத்தத் தாமதிப்பதே அதைப் போலப் பல மடங்கு. எத்தனை முறை திரும்ப எடுத்தாலும் வீட்டுக் கருவியால் அந்த வித்தியாசம் சிக்காது. தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையோ சேலத்தில் 99 டிகிரி, ஏற்காட்டில் 95 டிகிரி என்ற அளவில் மாறும். ஒரு டிகிரி மீச்சிறு அளவு உள்ள வெப்பமானிக்கே அது தெரியும். ஒரு நிபந்தனை: கீழே பயன்படுத்திய அதே வெப்பமானியை மேலேயும் கொண்டுபோக வேண்டும். அது ஒரு டிகிரி பிசகாகக் காட்டினாலும் இரண்டு இடத்திலும் ஒரே அளவு பிசகும், வித்தியாசம் கெடாது. முறையான பிழை என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் புத்தகத்தில் பார்த்ததில்லை. இரண்டு இடங்களில் எடுத்த இரண்டு எண்களை வைத்து உயரத்துக்கும் கொதிநிலைக்கும் உள்ள தொடர்பை வரைபடமாகப் போட முடியாது என்பதையும் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்.

இன்னொரு வழி பாக்கி: பழைய வினாத்தாள்களும் மதிப்பீட்டுக் குறிப்புகளும். ஐ.ஜி.சி.எஸ்.இ. எழுதுபவர்களுக்கு இது கட்டாயம். எதற்கு மதிப்பெண், எதற்கு இல்லை என்பது அங்கே கறாராக இருக்கும். ‘மனிதப் பிழை’ என்று எழுதினால் ஒன்றும் கிடைக்காது. ‘அளவுகோலைச் சாய்வாகப் பார்த்ததால் இடமாறு தோற்றப்பிழை, கண்ணைக் குறிக்கு நேராக வைத்துப் படிக்க வேண்டும்’ என்றால் கிடைக்கும். அட்டவணைத் தலைப்பில் அலகு இல்லையென்றால் போயிற்று. ‘பல அளவீடுகள்’ போதாது, குறைந்தது ஐந்து என்றும் எந்த எல்லைக்குள் என்றும் சொல்ல வேண்டும். ஆனால் இதையே முதல் வழியாக வைத்துக்கொண்டால் டியூஷனின் நோய் இங்கேயும் தொற்றும். ‘மீண்டும் செய்து சராசரி எடுக்க வேண்டும்’ என்ற வாக்கியத்தைத் தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லா விடையிலும் ஒட்டவைக்கும் பிள்ளைகள் நிறைய. இரண்டு மூன்று சோதனைகளைக் கையால் கெடுத்துப் பார்த்தபின் வினாத்தாளைத் திறந்தால், அதே வாக்கியம் இடமறிந்து வரும்.

ஆக, யாருக்கு எது? மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ எழுதுபவர் பள்ளி லேபையே நம்பலாம். வாய்ப்பாடுகளுக்கு டியூஷன் தாளை வைத்துக்கொள்ளட்டும், மாதிரி அளவீடுகள் உள்ள பக்கத்தைக் கிழித்துவிடட்டும். நேரம் மிஞ்சினால் வீட்டுச் சோதனை ஒன்று, அது பின்னால் நுழைவுத் தேர்வுக்கும் கல்லூரிக்கும் உதவும். சி.பி.எஸ்.இ., ஐ.எஸ்.சி. பிள்ளைகள் திட்டப்பணியைக் கடையில் வாங்கும் வழக்கத்தை விட்டு, ஜவ்வரிசி போன்ற ஒன்றையே திட்டப்பணியாக்கினால் ஒரே உழைப்பில் இரண்டு வேலை முடியும். வாய்மொழித் தேர்வில் தான் செய்ததைப் பற்றிப் பேசுபவளைத் தேர்வாளர் மடக்குவது கடினம். ஐ.ஜி.சி.எஸ்.இ. மாற்றுத் தாள் எழுதுபவர்கள்தான் ‘கருவியே தொட வேண்டாம்’ என்று ஏமாந்துபோகிறார்கள். கருவி இல்லாத தாளுக்குத்தான் கருவியோடு பழகிய நினைவு அதிகம் வேண்டும். இவர்களுக்கு முதலில் வீடு, பிறகு வினாத்தாள், டியூஷன் தேவையே இல்லை.

ஏற்காட்டில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளை ஞாயிறுதோறும் டியூஷனுக்காகக் கீழே வரவழைக்கும் பெற்றோர் சிலர் உண்டு. போக வரச் சில மணி நேரம் பஸ்ஸிலேயே போய்விடும், வளைவுகளில் பாதிப் பிள்ளைகளுக்குத் தலைசுற்றல் வேறு. விடுதியில் அடுப்பு பற்றவைக்க அனுமதி இருக்காது, இருக்கவும் கூடாது. நூல், திருகாணி, அளவுகோல், ரப்பர் பட்டை ஆகியவற்றுக்கு யாரும் தடை சொல்லமாட்டார்கள். விடுதிக் காப்பாளரிடம் முன்பே சொல்லிவிட்டு, ரப்பர் பட்டையில் எடை ஏற்றும்போதும் இறக்கும்போதும் நீட்சி ஏன் வேறாக இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அட்டவணையைப் படமெடுத்து ஆசிரியருக்கு அனுப்பினால் போதும். பிப்ரவரி செய்முறைத் தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரங்களில் மட்டும் வீட்டுச் சோதனைகளை நிறுத்திவிட்டு, பள்ளி லேபில் அதுவரை கை படாத கருவி எதுவோ அதன் முன் நிற்கட்டும்.